ஆண்டின் நடுவில் வந்து சேரும் பிள்ளை

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, சென்னையில் அடையாறு, கூவம் கரைகளில் குடியிருந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. பள்ளி ஆண்டு பாதி ஓடியிருந்த நேரம் அது. மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் அதற்கு முன்பே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தவை. இன்றும் வாடகை கட்டுப்படியாகாமலோ வேலை தேடியோ வரும் குடும்பங்களின் பிள்ளைகள் தாம்பரம், பம்மல், மேடவாக்கம் வகுப்புகளில் இடையில்தான் வந்து சேர்கிறார்கள். அவர்களை வரவேற்கும் பொறுப்பு வகுப்பாசிரியருடையது.

முதலில் சேர்க்கை. டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கையில் இல்லை என்று அலுவலகம் தயங்கினால், தலைமை ஆசிரியரிடம் நீங்களே பேசுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவது சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ காரணமாகாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது. அது 14-ஆம் பிரிவு.

அடுத்து, அழைத்து வந்தவரிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசுங்கள். பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், கண், காது எப்படி, மருந்து ஏதும் உண்டா, மாலையில் யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பின் முன்னால் நிறுத்தி, "எந்த ஏரியா? அப்பா என்ன வேலை?" என்று மட்டும் கேட்காதீர்கள். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே முகம் மாறுகிறவர்கள் இந்நகரில் உண்டு. அது பிள்ளைக்கும் தெரியும்; பதில் சொல்வதற்குள் குறுகிப்போகும்.

இடம் கொடுப்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். காலியாக இருப்பது பெரும்பாலும் கடைசி பெஞ்சு. அங்கே அனுப்புவதற்குப் பதில், அன்றைக்கு வகுப்பு முழுவதையும் அகரவரிசையில் மாற்றி உட்காரவையுங்கள். எல்லோருக்கும் புது இடம் என்றால் யாரும் தனியாகத் தெரியமாட்டார்கள். நாங்குநேரியில் பள்ளி மாணவர் மீது நடந்த சாதித் தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதிப் பிரிவினையைத் தடுக்க 2024-இல் பரிந்துரைத்ததும் இதே அகரவரிசையைத்தான். துணைக்கு முதல் மார்க் வாங்கும் பிள்ளை வேண்டாம். வாயாடும் பிள்ளையே நல்லது. தண்ணீர்க் குழாய், கழிப்பறை, சத்துணவு வரிசை எல்லாவற்றையும் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

முதல் வாரத்தில் பரீட்சை வைக்காதீர்கள். இடைவேளையில் அருகில் அழைத்து, பாடநூலில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு கழித்தல் கணக்குப் போடச் சொல்லுங்கள். எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். முடிச்சூர், வரதராஜபுரம் போல வெள்ளம் புகுந்த பகுதியிலிருந்து வந்த பிள்ளையிடம் நோட்டும் சீருடையும் இல்லாமலிருக்கலாம். அதை மற்றவர் முன் விசாரிக்காமல், வேண்டியதைப் பள்ளி வழியாக வாங்கித் தாருங்கள்.

தாமதமாக வந்தால் வெளியே நிறுத்தாதீர்கள். பஸ்ஸா, தண்ணீர் லாரியா, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையா என்று தனியே கேளுங்கள். தொடக்கப்பள்ளி என்றால், பள்ளியில் தரும் காலை உணவைப் பிள்ளை சாப்பிட்டதா என்றும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. பட்டப்பெயரும் குத்திக்காட்டுதலும் அதில் அடங்கும் என்றே நான் கருதுகிறேன். ஆசிரியர் அறையில் பிள்ளையின் வீட்டுக் கதையைப் பேசுவதும் தொழில் நெறிக்குப் புறம்பானது.

பெற்றோரை வேலை நாளில் வரச்சொன்னால் ஒரு நாள் கூலி போகும். மாலையில் போனில் பேசுங்கள். முதல் அழைப்பு புகாராக இருக்க வேண்டாம். தொடர்ந்து சில நாள் வரவில்லை என்றால் வீட்டுக்கே ஆள் அனுப்புங்கள். வேலைக்கு அனுப்பிவிட்டதாகவோ திருமணப் பேச்சு நடப்பதாகவோ தெரிந்தால் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.