குதிரைக்கு மயக்க மருந்தும் சுவாசாசயமும்

சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரையை மயக்க மருந்து கொடுத்து ரண சிகிச்சைக்காகக் கிடத்தும்போது, குடல்களின் பாரம் உதரவிதானத்தை அழுத்துகிறது. மல்லாத்திக் கிடத்தினால் இன்னும் அதிகம். அடிப்பக்கத்துச் சுவாசாசயம் காற்றின்றிச் சுருங்குகிறது. இரத்தமோ அவ்விடத்தில் ஓடிக்கொண்டேயிருப்பதால், பிராணவாயுவைப் பெறாமலே திரும்புகிறது. சுத்தமான பிராணவாயுவைச் செலுத்தினாலும் இக்குறை முற்றும் நீங்குவதில்லை. 2002ல் வெளியான ஆராய்ச்சியொன்றில், மயக்கப்பட்ட 41,824 குதிரைகளுள் நூற்றுக்கு 1.9 வீதம் ஏழு நாட்களுக்குள் மாண்டன, காரணங்கள் பல.

ஆகையால் குதிரைக்கு இருமலோ சளியோ இருப்பின் சொந்தக்காரர் அதை மறையாமல் வைத்தியருக்குச் சொல்லவேண்டும். அவசரமில்லாத சிகிச்சையை ஒத்திவைப்பது நலம். நன்கு தெளிந்து, வைத்தியர் அனுமதித்தபின், தூசியற்ற நனைத்த புல்லைத் தரையிலிட்டுத் தின்னவிடுக. தலையை உயரக் கட்டுதல் பெருந்தவறு. சளி வடியாமல் உள்ளே தங்கும். காய்ச்சலோ, துர்நாற்றமுள்ள நாசி நீரோ கண்டால் அன்றே வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும்.