அவனிடமிருந்து அதையும் பறிப்பதா?



உளநோயுற்ற ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவற்றுட் சில அதனை அயலாருக்கும் சொல்வதில்லை. அத்தகைய வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்றுண்டு. "அவனுக்கு வேலையில்லை, கலியாணமில்லை, கூடித் திரியச் சிநேகிதரும் இல்லை. ஏதோ அந்தச் சிகரட்டாவது இருக்கட்டும். அதையும் பறித்தால் பாவமல்லவா?" என்று தாய்மார் கூறுவர். தகப்பன்மார் ஒன்றும் பேசாது கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்து மேசையில் வைப்பர். இது அன்பினால் நிகழ்வது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த அன்பு அம்மகனை எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்பதை நாம் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

இல்லாத குரல்கள் காதில் ஒலிப்பதும், பிறர் தமக்குத் தீங்கு செய்ய முயல்வதாக நம்புவதுமான உளப்பிளவு நோய், பெருங்களிப்பும் பெருந்துயரும் மாறிமாறி வரும் இருதுருவ நோய் போன்றவற்றையே கடுமையான உளநோய்கள் என்கின்றோம். இந்நோயாளர் ஏனையோரிலும் 10 தொடக்கம் 20 ஆண்டுகள் முந்தி இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இதைக் கேட்டவுடன் பலரது எண்ணம் தற்கொலையின்பாற் செல்லும். அதுவும் ஒரு காரணமே. ஆயினும் இவர்களுட் பெரும்பாலோரைக் கொண்டுபோவது மாரடைப்பும், சுவாசப்பை நோயும், புற்றுநோயும், நீரிழிவுமேயாம். இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்பது பெரும்பாலும் புகை. மேற்கு நாடுகளிற் செய்யப்பட்ட கணிப்புகளின்படி, இவர்களிடையே புகைப்போர் தொகை பொதுமக்களிடையே உள்ளதைப்போல் இரண்டு மூன்று மடங்காகும். ஒரு சிகரட்டையும் இவர்கள் மற்றவர்களிலும் ஆழமாக இழுப்பதனால், அதே சிகரட்டிலிருந்து கூடிய நிக்கொட்டின் இவர்களின் இரத்தத்திற் சேர்கின்றது.

குரல்களிலிருந்து மகனைக் காப்பாற்றப் பத்தாண்டுகள் பாடுபட்டு, ஐம்பது வயதில் அவனை மாரடைப்புக்குப் பறிகொடுப்பது எவ்வளவு கொடுமை!

இவர்கள் ஏன் இவ்வளவு புகைக்கிறார்கள்? நோயின் இயல்பில் ஒரு பங்கு இருக்கலாம். நிக்கொட்டின் சிறிது நேரம் கவனத்தைக் கூர்மையாக்கும் என்பது உண்மையே. ஆனால் நாம் மறந்துவிடும் மறுபங்கொன்றும் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய மனநோய் வைத்தியசாலைகளிற் சிகரட்டே நாணயமாக வழங்கியது. படுக்கையைச் சரியாக விரித்தால் ஒரு சிகரட், குளிசையை விழுங்கினால் ஒரு சிகரட், முரண்டு பிடித்தால் அன்றைய சிகரட் இல்லை. புகைக்காமல் உள்ளே போனவர் புகைப்பவராக வெளியே வந்த கதைகள் அநேகம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க வைத்தியசாலைகளுக்குள் புகைத்தலைத் தடைசெய்ய முற்பட்டபோது, மனநோய் வைத்தியசாலைகளுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. புகையிலைக் கம்பனிகளின் உள் ஆவணங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஒரு கட்டுரை, இந்நோயாளருக்குப் புகைத்தல் ஒருவகை மருந்து என்னும் கருத்தை வளர்க்கும் ஆய்வுகளுக்கு அக்கம்பனிகளே பணம் கொடுத்ததை வெளிப்படுத்தியது. "அது அவனுக்கு மருந்து மாதிரி" என்று நாம் இரக்கத்தோடு சொல்லும் சொல் எங்கெங்கே உருவாக்கப்பட்டது பாருங்கள்.

"ஆனால் பத்தினவுடனே அமைதியாகிறானே, அதைக் கண்ணால் காண்கிறோமே" என்று நீங்கள் கேட்கக்கூடும். காண்பது சரி, காரணந்தான் வேறு. நிக்கொட்டின் இரத்தத்திற் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களே செல்லும். அது குறையக் குறைய எரிச்சல், பதற்றம், நித்திரையின்மை, மனச்சோர்வு ஆகியன தலைதூக்கும். அடுத்த சிகரட் அவற்றை அடக்கும். ஆகவே, சிகரட் தான் மூட்டிய நெருப்பைத் தானே அணைத்துவிட்டு நன்றியும் பெற்றுக்கொள்கின்றது. இந்த அறிகுறிகள் உளநோயின் அறிகுறிகளைப் போலவே இருப்பதனால் வீட்டாரும் ஏமாறுகின்றனர், சில வேளைகளில் வைத்தியரும் ஏமாறுகின்றனர். 2014இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை 26 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையில், புகைத்தலை விட்டவர்களின் பதற்றமும் சோர்வும் காலப்போக்கிற் குறைந்தன என்றும், உளநோயுள்ளோரிடமும் அவ்வாறே காணப்பட்டது என்றும் எழுதப்பட்டிருந்தது. தெற்கு இலண்டனில், பெயர்பெற்ற மோட்ஸ்லி வைத்தியசாலை உள்ளிட்ட உளநல வைத்தியசாலைகள் 2014இல் வளவு முழுவதிலும் புகைத்தலை நிறுத்தியபோது, நோயாளர் கொதித்தெழுவர் என்று பலரும் அஞ்சினர். நடந்தது வேறு. அடிதடிச் சம்பவங்கள் 39 சதவீதம் குறைந்தன என 2017இல் அறிக்கை வெளியாயிற்று.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். கட்டுரையின் மற்றப் பகுதிகளை மறந்தாலும் இதை மறத்தல் ஆகாது.

குளோசப்பின், ஒலன்சப்பின் என்னும் இரு மருந்துகளும் ஈரலில் உள்ள ஒரு நொதியத்தினால் உடைக்கப்பட்டு வெளியேறுகின்றன. சிகரட், பீடி, சுருட்டு ஆகியவற்றின் புகையிலுள்ள தார்ப் பொருட்கள் இந்த நொதியத்தைத் தூண்டிவிடும். அதனால் மருந்து விரைவாக உடைந்துபோகின்றது. புகைப்பவருக்கு வைத்தியர் கூடிய அளவு மருந்து கொடுக்க நேரிடுவது இதனாலேயே. அவர் திடீரெனப் புகைத்தலை நிறுத்தினால், ஒரு கிழமைக்குள் நொதியம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். குளிசை அதே குளிசைதான், ஆனால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்றரை மடங்காகவோ அதற்கு மேலாகவோ ஏறக்கூடும். அளவுக்கு மீறிய தூக்கம், வாயிலிருந்து வீணீர் வடிதல், தலைச்சுற்று, கடும் மலச்சிக்கல், சிலருக்கு வலிப்பும் வரலாம். எனவே, இம்மருந்துகளை எடுப்பவரின் சிகரட்டை வீட்டார் தாமாகவே ஒரு நாளிற் பறித்துவிடுதல் ஆபத்தானது. விடுவதற்கு முன்னரே கிளினிக்கில் வைத்தியருக்கு அறிவித்தால், அவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தருவார். குளிசையை வீட்டில் நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம்.

இதன் மறுபக்கம் இன்னும் பலருக்குத் தெரியாதது. நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி வைத்தியசாலைகளுக்குள் புகைத்தல் தடை. விடுதியில் ஒரு மாதம் புகையின்றி இருக்கின்றார், மருந்து நன்றாகப் பிடிக்கின்றது, தெளிந்து வீடு திரும்புகின்றார். வந்த அன்றே வழமையான கடைக்குப் போய்விடுகின்றார். இரண்டொரு கிழமையில் மருந்தின் அளவு இறங்கி, அடங்கியிருந்த குரல்கள் மீண்டும் கேட்கத் தொடங்குகின்றன. "வீட்டுக்குக் கூட்டி வந்ததுதான் பிழை", "யாரோ செய்வினை செய்துவிட்டார்கள்" என்று வீட்டார் கலங்குவர். செய்வினையைத் தேடி எங்கும் போகவேண்டாம், அது பெட்டிக்கடையிற் கிடக்கின்றது.

இவ்வேலையைச் செய்வது புகையேயன்றி நிக்கொட்டின் அன்று. ஆகையால் தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டையோ சூயிங்கமோ மருந்தின் அளவைக் குழப்பமாட்டா. வெற்றிலையோடு புகையிலை போடுவதும் இந்த நொதியத்தைத் தூண்டாது. அதற்காக மகனைச் சிகரட்டிலிருந்து வெற்றிலைக்கு மாற்றிவிடாதீர்கள், வாய்ப் புற்றுநோய் காத்திருக்கின்றது. இன்னொன்று: கோப்பியிலும் தேநீரிலும் உள்ள கபீனையும் இதே நொதியந்தான் உடைக்கின்றது. புகையை விட்டபின் வழமையான ஆறு கோப்பை தேத்தண்ணீரும் இருமடங்கு வேலை செய்து, நித்திரையைக் கெடுத்துக் கை நடுக்கத்தையும் தரும். பாவம், பழி சிகரட்டை விட்டதன் மேல் விழும். தேத்தண்ணீரையும் பாதியாக்குங்கள்.

"நல்லது சுவாமி, ஆனால் இப்படிப்பட்டவர்களால் விட முடியுமா?" என்று கேட்பீர்கள். விட விரும்புவோர் இவர்களிடையேயும் ஏனையோரிடையே உள்ள அளவுக்கு உண்டு. கேட்பாரில்லை என்பதே குறை. இங்கிலாந்தில் யோர்க் பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான உளநோயுள்ள 526 புகைப்போர் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு, இதற்கெனப் பயிற்றப்பட்ட உளநலத் தாதி போன்ற ஒருவர் வீட்டுக்கே போய், சுமார் அரை மணி நேரம் வீதம் பல தடவைகள் கதைத்தார். விடும் நாளை அவசரப்படுத்தவில்லை. விரும்பியவர் முதலிற் குறைக்கலாம், பின்னர் விடலாம். தவறினால் மீண்டும் தொடங்கலாம். மருந்தின் அளவு பற்றி வைத்தியருக்கு அறிவிப்பதும் அவர் பொறுப்பு. ஆறு மாதத்தின் பின் இவர்களுள் நூற்றுக்கு 14 பேர் விட்டிருந்தனர். வழமையான கவனிப்புப் பெற்ற மற்றவர்களுள் 6 பேர். ஓராண்டின் பின் இது 15க்கு 10 ஆயிற்று. பெரிய வெற்றியென்று நான் கூறவரவில்லை, இடைவெளியும் குறைந்துதான் போயிற்று. ஆனால் "முடியவே முடியாது" என்று கைவிடப்பட்டவர்களுள் இத்தனை பேர் விட்டார்கள் என்பதும் கணக்கிற் கொள்ளத்தக்கது.

மருந்துகளும் உண்டு. வரெனிக்கிளின் என்னும் குளிசை உளநோயைக் கிளறும் என்ற அச்சத்தால் 2009இல் அமெரிக்காவிற் கடும் எச்சரிக்கை இடப்பட்டது. பின்னர் 8,000க்கு மேற்பட்டோர் பங்குபற்றிய ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. அவர்களுட் பாதிப்பேர் உளநோயுள்ளவர்கள், ஆனால் நோய் அடங்கி நிலையாய் இருந்தவர்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிட இவர்களுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு கூடவில்லை, விட்டவர் தொகையோ கூடியது. அவ்வாண்டே எச்சரிக்கை நீக்கப்பட்டது. புப்புறோப்பியன் என்னும் மற்றொரு மருந்து வலிப்பைத் தூண்டக்கூடியதாகையால், வலிப்பு நோய் உள்ளோருக்கு ஆகாது, குளோசப்பின் எடுப்போர் விடயத்திலும் மிகுந்த அவதானம் தேவை. எது உகந்தது, எது இங்கு கிடைக்கும் என்பதை வைத்தியரிடமே கேளுங்கள்.

வீட்டாரின் பங்கோ வேறு யாராலும் செய்ய முடியாதது. நோய் குழம்பியிருக்கும் வேளையிற் தொடங்காதீர்கள். அமைதியான ஒரு மாதத்தைத் தெரிந்து, நாளை அவரே கலண்டரிற் குறிக்கட்டும். எந்தெந்த நேரம் புகைக்கிறார், ஏன் என்று கேளுங்கள். குரல் கேட்கும்போதா, வேலையின்றிச் சலிக்கும்போதா, மருந்தின் மந்தத்தை உதறவா? ஒவ்வொன்றுக்கும் மாற்று வேறு வேறு. சலிப்புக்கு ஒரு நடையும், தோட்டத்தில் ஒரு வேலையும் போதலாம். குரலுக்கு அவை போதா, வைத்தியரிடமே சொல்ல வேண்டும். முதற்கிழமையே மிகக் கடினம், இரண்டு தொடக்கம் நான்கு கிழமையில் வேட்கை தணியும். பசி கூடும். இம்மருந்துகள் முன்னரே உடலைப் பெருக்கச் செய்வன ஆகையால், சீனியைக் குறைத்து நீரிழிவுப் பரிசோதனையும் செய்வியுங்கள். சிகரட்டை வெகுமதியாகவோ தண்டனையாகவோ வழங்கும் பழக்கத்தை அறவே விடுங்கள். தகப்பனார் விறாந்தையிற் சாய்ந்து சுருட்டுப் புகைத்துக்கொண்டு மகனுக்குப் புத்தி கூறுவதிற் பயனில்லை, இருவரும் ஒரே நாளில் நிறுத்துவது நல்லது. பங்கிலிருந்து நோயாளரைச் சந்திக்கச் செல்வோரும், ஏதாவது கொண்டுபோக எண்ணினால் வாழைப்பழம் கொண்டுபோகலாம்.

பெரும்பாலோர் முதல் முயற்சியில் விடுவதில்லை. நல்ல சுகதேகிகளும் பல தடவை தவறியே விடுகின்றனர். ஆகையால் ஒரு நாள் அவர் மீண்டும் பத்திவிட்டு ஒளித்து வந்தால் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை இன்னும் நன்றாக ஒளிப்பார், அப்போது வைத்தியருக்கும் உண்மை தெரியாமற் போகும். விட்ட திகதியையும், மீண்டும் தொடங்கியிருந்தால் அத்திகதியையும், நாளுக்கு எத்தனை என்பதையும் கிளினிக் கொப்பியின் பின் ஒற்றையில் எழுதி, அடுத்த முறை போகும்போது வைத்தியரிடம் காட்டுங்கள்.