ஷிப்ட் வேலையிலிருந்து பட்டு வளர்ப்புக்கு: வருமானம் குறையாமல் மாறுவது எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் ஒன்றிரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் வைத்துக்கொண்டு, நூற்பாலையில் ஷிப்ட் வேலையும் பார்க்கும் குடும்பங்கள் ஏராளம். வாரம் மாறினால் தூங்கும் நேரமும் மாறும். பஞ்சுத் தூசியில் நெடுநாள் உழைப்பவர்களுக்கு நெஞ்சு இறுக்கமும் இருமலும் வருவதுண்டு. "நாற்பது வயதுக்கு மேல் இரவு ஷிப்ட் முடியாது, வேலையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்கலாமா?" என்ற எண்ணம் உங்களுக்கும் எழுந்திருக்கலாம். எண்ணம் நல்லதே. ஆனால் மாதம் தவறாமல் வரும் சம்பளத்தை நம்பித்தான் பிள்ளைகளின் படிப்பும் கடன் தவணையும் ஓடுகின்றன. எனவே கணக்குப் பார்க்காமல் ராஜிநாமா எழுதிவிடக்கூடாது. பட்டு வளர்ப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எப்போது, எப்படி மாறுவது என்பதை இங்கே காண்போம்.

1. உண்மையான சம்பளத்தை அறிந்துகொள்ளுங்கள்

கையில் வாங்கும் தொகை மட்டும் சம்பளம் அன்று. மாதம் 15,000 ரூபாய் பெறும் நிரந்தரத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆலை அவருக்காக வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய் செலுத்துகிறது. தொழிலாளர் ஈட்டுறுதிக்கு 3.25 விழுக்காடு, அதாவது 488 ரூபாய் கட்டுகிறது. போனஸ் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்றால், மாதத்திற்கு 1,250 ரூபாய் ஆகிறது. பணிக்கொடை ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் (26 நாளை ஒரு மாதமாகக் கொண்டு) என்ற கணக்கில் மாதத்திற்கு 721 ரூபாய். ஆக மொத்தம் 19,259 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,31,000 ரூபாய்.

நிலத்திலிருந்து நீங்கள் ஈடுசெய்ய வேண்டியது 15,000 அன்று, 19,259 ரூபாய். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து இதே முறையில் உங்கள் தொகையைக் கணக்கிட்டு எழுதிவையுங்கள்.

2. பட்டு வளர்ப்பின் கணக்கு

மைசூரிலுள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வி-1 மல்பெரி இரகம், நீர்ப்பாசன வசதியுள்ள நிலங்களுக்கு ஏற்றது. இணை வரிசை முறையில் (90 + 150) x 60 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 5,500 செடிகள் பிடிக்கும். நட்ட ஆறு மாதம் கழித்து முதல் அறுவடை கிடைக்கும். பின்னர் 60 முதல் 70 நாளுக்கு ஒருமுறை தண்டுடன் அறுவடை செய்யலாம். இவ்வாறு ஆண்டுக்கு ஐந்து முறை புழு வளர்க்கலாம்.

ஒரு ஏக்கரில் முறைக்கு 200 முட்டைத் தொகுதிகள் வீதம் ஆண்டுக்கு 1,000 தொகுதிகள் வளர்ப்பதாகவும், 100 தொகுதிகளுக்கு 60 கிலோ கூடு கிடைப்பதாகவும், கிலோ 500 ரூபாய்க்கு விற்பதாகவும் கொள்வோம். இவை எடுத்துக்காட்டுக்காக எடுத்துக்கொண்ட எண்களே. உங்கள் ஊர் விலையை இட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வரவு: 600 கிலோ x 500 = 3,00,000 ரூபாய்.

செலவு:
இளம்புழு விலை - 35,000
தொழு உரம், இரசாயன உரம் - 40,000
தண்டு வெட்டுதல், களையெடுத்தல் கூலி - 40,000
கிருமிநாசினி மருந்துகள் - 15,000
மின்சாரம், அங்காடிக்குக் கூடு கொண்டுசெல்லும் செலவு - 10,000
வளர்ப்பு மனை, தளவாடத் தேய்மானம், கடன் வட்டி - 40,000
மொத்தம் - 1,80,000 ரூபாய்.

நிகர வருமானம் 1,20,000 ரூபாய். கிலோ 400 ரூபாய்க்கு இறங்கினால் நிகரம் 60,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். 650 ரூபாய்க்கு ஏறினால் 2,10,000 ரூபாய் நிற்கும்.

இதிலிருந்து தெரிவது என்ன? ஒரு ஏக்கர் மல்பெரி, ஆலைச் சம்பளத்திற்கு ஈடாகாது. இரண்டு ஏக்கர் என்றால், மனைச் செலவு இரட்டிக்காமல் 60,000 ரூபாயில் நின்றுவிடும் எனக் கொண்டு, 500 ரூபாய் விலையில் 2,60,000 ரூபாய் நிகரம் கிடைக்கும். அப்போதுதான் சம்பளத்தை எட்டிப்பிடிக்கிறோம். அங்கும் விலை 400 ஆனால் 1,40,000 ரூபாய்தான். விலை இறங்கும் ஆண்டைத் தாங்கச் சேமிப்பு வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஆலையில் ஒருவர் உழைப்புக்குச் சம்பளம். பட்டு வளர்ப்பிலோ கணவன், மனைவி இருவரும் உழைக்கிறீர்கள். உங்கள் மனைவி இப்போது வெளியே வேலைக்குச் சென்று பொருள் ஈட்டுகிறார் என்றால், அந்தத் தொகையையும் ஈடுசெய்ய வேண்டிய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கருத்தைக் கேட்காமல் இத்தொழிலில் இறங்க வேண்டாம்.

3. வேலையில் இருந்துகொண்டே தொடங்குங்கள்

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று கேலி பேசுவார்கள். இந்த மாற்றத்தில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அப்படி நிற்பதே பாதுகாப்பு. சேற்றில் வைத்த கால் உறுதியாக ஊன்றிய பிறகே மற்றக் காலை எடுக்க வேண்டும்.

முதல் ஆண்டில் ஒரு ஏக்கர் மட்டும் நடுங்கள். மண் ஆய்வு செய்து அதன்படி உரமிடுங்கள். ஆண்டுக்கு ஏக்கருக்கு 8 டன் தொழு உரம் தேவை. அருகில் புகையிலைத் தோட்டமோ, அடிக்கடி பூச்சிமருந்து தெளிக்கும் வயலோ இருந்தால் அந்த நிலத்தைத் தவிர்த்துவிடுங்கள். மருந்து படிந்த இலையைத் தின்ற புழு பிழைக்காது.

முட்டை வாங்கிப் பொரிக்க வைக்க வேண்டாம். அங்கீகாரம் பெற்ற இளம்புழு வளர்ப்பு மையத்தில், இரண்டாம் தோல் உரித்த புழுக்களை வாங்குங்கள். கருமுட்டை வழியாகப் பரவும் பெப்ரைன் நோயைத் தவிர்க்கவும் இதுவே வழி. இளம்புழு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஏறத்தாழ 18 முதல் 20 நாளில் புழு கூடு கட்டத் தொடங்கும். மேலும் ஆறேழு நாளில் கூடுகளை அறுவடை செய்யலாம்.

ஷிப்ட் வேலை பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் ஐந்தாம் பருவத்தில், அதாவது கடைசி ஏழெட்டு நாளில் தின்றுவிடும். வேலை முழுதும் அந்த வாரத்தில்தான் குவியும். எனவே இளம்புழு வாங்கும் தேதியைக் குறிக்கும்போது ஷிப்ட் அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பருவம், பகல் ஷிப்ட் வாரத்தில் விழும்படி பாருங்கள். வேலைக்குக் கிளம்புமுன் ஒருமுறையும், வந்தபின் இருமுறையும் நீங்கள் தீனி போடலாம். தண்டு வெட்ட வீட்டார் உதவட்டும். ஆண்டு விடுப்பு நாட்களைத் திருவிழாவிற்குச் செலவழிக்காமல் இந்த வாரங்களுக்குச் சேர்த்துவையுங்கள். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகல் தூக்கத்தை விற்றுப் புழு வளர்த்தால் உடம்பும் கெடும். இயந்திரத்தருகே விபத்தும் நேரும்.

4. நோய் வராமல் காப்பது

ஒரு முறை வளர்ப்பு தோற்றால் இரண்டு மாத வருமானம் போகும். ஆகவே துப்புரவே இத்தொழிலின் உயிர். ஒவ்வொரு வளர்ப்புக்கு முன்னும் பின்னும் மனையையும் தளவாடங்களையும் 2 விழுக்காடு பிளீச்சிங் பவுடரும் 0.3 விழுக்காடு நீற்றுச் சுண்ணாம்பும் கலந்த கரைசலால் கிருமிநீக்கம் செய்யுங்கள். ஊசி ஈ நுழையாதபடி சன்னல்களுக்கு வலை அடியுங்கள். வளர்ந்த புழுக்களுக்கு 24 முதல் 26 டிகிரி வெப்பமும், 70 விழுக்காடு ஈரப்பதமும் ஏற்றவை. கோடையில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டும், கூரைமேல் தென்னங்கீற்று பரப்பியும் வெப்பத்தைக் குறைக்கலாம். நோயுற்ற புழுவைக் கையால் எடுத்து வெளியே வீசாமல், சுண்ணாம்பு இட்ட பாத்திரத்தில் சேர்த்துப் புதைத்துவிடுங்கள்.

5. எப்போது வேலையை விடலாம்?

கீழ்க்கண்ட ஐந்தும் நிறைவேறிய பின்னரே ராஜிநாமாவைப் பற்றி நினையுங்கள்.

அ) தொடர்ந்து ஐந்து முறை வளர்த்து, ஒவ்வொன்றின் வரவு செலவும் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். தோல்வியுற்ற வளர்ப்பையும் சேர்த்தே சராசரி காணவேண்டும்.

ஆ) இரண்டாவது ஏக்கரும் இலை தரத் தொடங்கியிருக்க வேண்டும். கிணற்று நீர் சித்திரை, வைகாசியிலும் இரண்டு ஏக்கருக்குப் போதுமா என்று ஒரு கோடையாவது பார்த்திருக்க வேண்டும்.

இ) மனைக்கு வாங்கிய கடனில் பெரும்பகுதியைச் சம்பளம் வரும்போதே அடைத்திருக்க வேண்டும்.

ஈ) ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்க வேண்டும். இது பணிக்கொடைத் தொகையாக இருக்கக்கூடாது.

உ) ஈட்டுறுதி மருத்துவ வசதி நின்றுபோகும் என்பதால், குடும்பத்திற்கு வேறு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

தேதியையும் பார்த்து விடவேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை கிடைக்க ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும். வைப்பு நிதி ஓய்வூதியத்திற்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். ஒன்பது ஆண்டு முடித்தவர் அவசரப்பட்டு விட்டால், 58 வயதில் மாதந்தோறும் வரவேண்டிய தொகையை இழக்கிறார். இன்னும் ஓராண்டு பொறுத்தால் அது அவருடையது. வைப்பு நிதிப் பணத்தை எடுத்து வளர்ப்பு மனை கட்டுவதும் வேண்டாம். ஒரு நோய் வந்தால் முதுமைக்கான பணமும் மனையோடு முடங்கிவிடும்.

முறையாக அறிவிப்புக் கொடுத்து, கணக்கு முடித்து, வேலைச் சான்றிதழ் பெற்று வெளியேறுங்கள். வைப்பு நிதிக் கணக்கில் வெளியேறிய தேதி பதிவாகியுள்ளதா என்று பாருங்கள்.

6. எட்டாவிட்டால்?

ஐந்து முறை வளர்த்தும் கணக்கு சம்பளத்தை எட்டவில்லையா? அது தோல்வி அன்று. வேலை உங்கள் கையில் இருக்கிறது. ஒரு ஏக்கரிலிருந்து ஆண்டுக்கு ஒரு கூடுதல் வருமானமும் வருகிறது. அந்த அளவிலேயே தொடரலாம். வேலையை முதலில் விட்டுவிட்டுக் கணக்கைப் பின்னால் பார்ப்பவருக்குத்தான் திரும்பும் வழி அடைபட்டுப்போகிறது.

தொழில்நுட்ப ஆலோசனைகளுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் உள்ள பட்டுப்புழுவியல் துறையையும், அருகிலுள்ள பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தையும் அணுகலாம். மனை கட்டுமுன் மானிய விவரங்களையும் அங்கே கேட்டறியுங்கள். கட்டி முடித்தபின் கேட்டால் பயன் குறைவு.

இன்று இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் நன்றாகத் தூங்குங்கள். எழுந்ததும் ஒரு நோட்டை எடுத்து, உங்கள் உண்மையான சம்பளத்தை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்த எண்ணை நிலம் எட்டும் நாளே நீங்கள் வேலையை விட ஏற்ற நாள்.