செயற்கைக் கோள்களின் நிலைகளைக் கட்டுப்பாட்டுக் கருவியில் பதிந்து பேணுதல்

நிலநடுக் கோட்டிற்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக் கோள், பூமி தன் அச்சில் ஒரு முறை சுழல எடுத்துக்கொள்ளும் 23 மணி 56 நிமிட நேரத்திலேயே பூமியைச் சுற்றி வருகிறது. ஆதலின், பூமியிலிருந்து நோக்குவோர்க்கு அது வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றுகிறது. ஒரு கோளை மட்டும் பயன்படுத்தும் ஆன்டெனாவை ஒரு முறை திருப்பி இறுக்கிவிட்டால் போதும். ஒரே ஆன்டெனா பல கோள்களுக்குப் பயன்பட வேண்டுமாயின் மோட்டார்களும் கட்டுப்பாட்டுக் கருவியும் தேவைப்படுகின்றன. ஒவ்வொரு கோளின் நிலையையும் கருவியின் நினைவகத்தில் பதிந்து வைத்தால், பின்னர் ஒரு பொத்தானை அழுத்தியதும் ஆன்டெனா அங்கே திரும்பிவிடும். இவ்வாறு பதிந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

பதிந்த எண் எதைக் குறிக்கிறது?

கட்டுப்பாட்டுக் கருவி வானத்தைப் பார்ப்பதில்லை. அச்சில் பொருத்திய கோணமானி காட்டும் அளவை அது படிக்கிறது. அல்லது மோட்டார் சுழலும்போது எழும் மின் துடிப்புகளைத் தொடக்கக் குறியிலிருந்து எண்ணுகிறது. எனவே, பதிந்த எண் தொடக்கக் குறியிலிருந்து ஆன்டெனா எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை மட்டுமே கூறும். அந்த எண் உண்மையாக இருக்க மூன்று நிபந்தனைகள் உண்டு. கோள் தன் இடத்தில் இருக்க வேண்டும். ஆன்டெனாவின் பீடம் அசையாதிருக்க வேண்டும். தொடக்கக் குறி மாறாதிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் எண் பொய்யாகிவிடும். ஆயினும், கருவி வழக்கம்போல் 'நிலை அடைந்தது' என்றே காட்டும்.

கோள் இடம் மாறுவதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியை அளித்த அமெரிக்கக் கோளான ஏ.டி.எஸ்.-6, அப்பணிக்கென்றே கிழக்குத் தீர்க்கரேகை 35 பாகைக்கு நகர்த்தப்பட்டது. பணி முடிந்ததும் அது மேற்கே திருப்பி அனுப்பப்பட்டது. இதற்கு மாறாக, கோள் மாறினாலும் இடம் மாறாதிருப்பதும் உண்டு. இன்சாட்-4ஏ பணிபுரிந்த 83 பாகையில், 2020 ஜனவரியில் ஏவப்பெற்ற ஜிசாட்-30 அதன் பணியை ஏற்றது. ஆகவே, பதிவுக்குத் தீர்க்கரேகையையே பெயராக இடுவது சிறந்தது. கோளின் பெயரையும் சரிபார்த்த தேதியையும் குறிப்பேட்டில் அதன் பக்கத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.

பதியும் முறை

முதலில், நிலையம் உள்ள இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு திசைக்கோணத்தையும் ஏற்றக்கோணத்தையும் கணக்கிட வேண்டும். திசைக்கோணம் வடக்கிலிருந்து கிழக்கு வழியாக அளக்கப்படும். டில்லியிலிருந்து பார்க்கும்போது சில நிலைகள் பின்வருமாறு அமையும்:

74 பாகைக் கோள்: திசைக்கோணம் 186.7, ஏற்றக்கோணம் 56.4.
83 பாகைக் கோள்: திசைக்கோணம் 168.0, ஏற்றக்கோணம் 56.0.
93.5 பாகைக் கோள்: திசைக்கோணம் 148.6, ஏற்றக்கோணம் 52.1.

இரண்டாவதாக, கணக்கிட்ட இடத்தின் அருகே ஆன்டெனாவை மெல்ல அசைத்துச் சைகையைத் தேட வேண்டும். சைகை வலுவாக உள்ளது என்பது மட்டும் போதிய சான்றாகாது. அது அடுத்த கோளின் சைகையாக இருக்கலாம். அல்லது உரிய கோளின் சைகையே ஆன்டெனாவின் பக்கவாட்டுக் கதிர் வழியே நுழைந்ததாக இருக்கலாம். கோள் அனுப்பும் அடையாள அலையின் அதிர்வெண்ணையோ, அலைவரிசையின் பெயரையோ கொண்டு கோளை உறுதி செய்தல் இன்றியமையாதது.

மூன்றாவதாக, நடுவைக் காண வேண்டும். உச்சியில் சைகை மெல்லவே மாறுவதால், உச்சியை நேரே தேடினால் பிழை நேரும். இரு பக்கமும் சைகை சம அளவு குறையும் இடங்களைக் குறித்து, அவற்றின் நடுப்புள்ளியைக் கொள்ளுதல் நலம். பற்சக்கரங்களின் தளர்ச்சியால் வரும் பிழையைத் தவிர்க்க, எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அந்தப் புள்ளியை அணுக வேண்டும்.

எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது என்பது ஆன்டெனாவின் அளவைப் பொறுத்தது. 4 கிகாஹெர்ட்ஸ் அலையில் 3 மீட்டர் ஆன்டெனாவின் கதிர் ஏறத்தாழ 1.75 பாகை அகலமுடையது. 11 கிகாஹெர்ட்ஸ் அலையில் 7 மீட்டர் ஆன்டெனாவுக்கு அது கால் பாகையளவே. இத்தகைய பெரிய ஆன்டெனாவுக்குப் பதிந்த நிலை தொடக்கமாக மட்டுமே பயன்படும்; பின்னர் அது கோளைத் தொடர்ந்து பின்பற்ற வேண்டும்.

எரிபொருளைச் சிக்கனப்படுத்த வடக்கு-தெற்குத் திருத்தம் நிறுத்தப்பெற்ற கோள்கள், நாள்தோறும் வானில் 8 என்னும் எண்ணின் வடிவில் அலைகின்றன. இவற்றிற்கு ஒரே எண் போதாது. நேரத்தோடு கூடிய அட்டவணை தேவை. அந்த அட்டவணை 24 மணிக்கு ஒரு முறையன்று, 23 மணி 56 நிமிடத்திற்கு ஒரு முறை திரும்புவதாகும். அதாவது, ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாகவே கோள் அதே இடத்திற்கு வந்துவிடும்.

பிழையின் காரணத்தை அறிதல்

சைகை குறைந்தவுடன் அவசரமாகப் புதிய எண்ணைப் பழைய எண்ணின் மேல் பதிதல் கூடாது. முதலில் மற்ற கோள்களையும் சோதித்தல் வேண்டும். ஒரு கோளில் மட்டும் பிழை இருப்பின், அக்கோளையோ அதன் பதிவையோ ஐயுற வேண்டும். எல்லாக் கோள்களிலும் திசைக்கோணம் ஒரே அளவு விலகியிருப்பின், ஆன்டெனா கம்பத்தில் திரும்பியிருக்கலாம். அல்லது தொடக்கக் குறி தவறியிருக்கலாம். அப்போது தொடக்கக் குறியை ஒரு முறை திருத்தினால் எல்லாப் பதிவுகளும் சரியாகும். கோளுக்குக் கோள் பிழை வேறுபட்டால், கம்பம் சாய்ந்துள்ளதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பத்தை நேராக்காமல் எண்களை மட்டும் மாற்றுவது பயனற்றது.

புயலுக்குப் பின் இச்சோதனை மிகவும் முக்கியமானது. தரைவழிக் கம்பிகளும் கோபுரங்களும் வீழ்ந்த இடத்தில் செயற்கைக் கோள் வழியே வரும் செய்தி மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். அக்காற்றே ஆன்டெனாவையும் அசைத்திருக்கும். கருவியின் நினைவகம் மின்தடையில் அழிந்துபோனால், குறிப்பேட்டில் எழுதிய எண்களே துணை. செய்தி அனுப்பும் நிலையங்களின் பொறுப்பு இன்னும் பெரிது. தவறான நிலையில் ஆன்டெனா நின்றால் வாங்கும் நிலையத்திற்கு மட்டுமே இழப்பு. அனுப்பும் நிலையமோ அடுத்த கோளைப் பயன்படுத்தும் பிறரின் தொடர்பையும் கெடுத்துவிடும். ஆதலின், கோளை அடையாளம் காணுமுன் அனுப்பும் கருவியை இயக்கலாகாது.

பள்ளியில் செய்து பார்க்க

ஆண்டுக்கு இரு முறை, சில நாட்களில், சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. டில்லியில் இது மார்ச் 8-ஆம் தேதியை ஒட்டியும் அக்டோபர் 5-ஆம் தேதியை ஒட்டியும் நிகழும். அப்போது சில நிமிடங்கள் சைகை கெடும். வட்டமான ஆன்டெனாவின் நடுவே முன்புறம் வாங்கி பொருத்தப்பட்டிருப்பின், அந்நேரத்தில் வாங்கியின் நிழல் தட்டின் சரியான மையத்தில் விழ வேண்டும். நிழல் விலகினால், எத்திசையில் எவ்வளவு விலகியது என மாணவர்கள் அளந்து எழுதலாம். சூரியனை நேரே பார்க்கவும், வாங்கியின் அருகே கையை நீட்டவும் கூடாது. குவியும் வெப்பம் சுடும். கருவியில் பதிந்த எண் உண்மையா என்பதை இந்த நிழல் விலையின்றிச் சோதித்துத் தருகிறது.