பகாவெண்ணென எண்ணப்பட்ட பகுவெண்

பதங்களைப் பகுபதம், பகாப்பதம் என நன்னூலார் இருவகைப்படுத்தினார். எண்களுக்கும் அப்பாகுபாடு பொருந்தும். ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதது பகாவெண், வகுபடுவது பகுவெண். ஆயின், பகாப்பதத்தைப் பகுத்தாற் பொருள்படாமையைச் செவி உடனே அறியும். பேரெண்ணின் இயல்பையோ அதன் தோற்றங்கொண்டு அறிதல் இயலாது. 4294967297 என்னும் எண்ணை இதற்குக் காட்டாகக் கொள்வாம். நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என நிறுத்தி வாசித்துக்கொள்க.

பிரான்சு தேசத்துத் துலூசு நகரில் நீதிமன்றப் பதவி வகித்துக்கொண்டே கணிதம் பயின்ற பேர்மா என்பார், இரண்டின் 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் வலுக்களோடு ஒன்று கூட்டினார். 3, 5, 17, 257, 65537 என்பன பெறப்பட்டன. ஐந்தும் பகாவெண்களே. அவ்வரிசை முழுவதும் அத்தகையதாகும் என்னுந் தம் நம்பிக்கையை 1640இல் எழுதிய கடிதத்தில் வெளியிட்டார். நிறுவல் தம்மிடம் இன்மையையும் மறைத்தாரல்லர். வரிசையின் ஆறாவது எண், அதாவது இரண்டின் 32ஆம் வலுவோடு ஒன்று கூட்ட வருவது, நாம் மேலே காட்டியதாகும்.

இதற்குக் காரணி உண்டாயின், மிகச் சிறியது 65536ஐ விஞ்சாது. அவ்வெல்லைக்குள் 6542 பகாவெண்கள் உள. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்கப் புகுவார்க்குப் பொறுமை மிக வேண்டும்! ஒயிலர் 1732இல் 641 என்னுங் காரணியைக் கண்டு கூறினார். இவ்வெண்ணின் பகாக்காரணி எதனையும் 64ஆல் வகுப்பின் மீதி 1 ஆதல் வேண்டும் என்பது அவர் பின்னர் நிறுவிய விதி. அவ்வாறமைந்த பகாவெண்கள் முறையே 193, 257, 449, 577, 641. ஐந்தாம் முயற்சியிலேயே விடை கைகூடும். மற்றைக் காரணி 6700417.

நெடும்வகுத்தலின்றியும் இதனைக் காணலாம். மாணவர் எழுதுகோலெடுத்துத் தாமே செய்து பார்ப்பாராக. 640 என்பது ஐந்தை இரண்டின் 7ஆம் வலுவாற் பெருக்கியது. அது 641க்கு ஒன்று குறைவாதலின், 641ஆல் வகுக்க மீதி −1 எனலாம். அதனை நான்காம் வலுவுக்கு உயர்த்துக: மீதி 1 ஆகும். அவ்வாறு உயர்த்திய எண், 625ஐ இரண்டின் 28ஆம் வலுவாற் பெருக்கியதற்குச் சமம். 625க்கோ மீதி −16. பதினாறு இரண்டின் 4ஆம் வலு. ஆகவே, இரண்டின் 32ஆம் வலுவைக் குறைக்குறியோடு எடுப்பின் மீதி 1. குறைக்குறியின்றி எடுப்பின் −1. அதனோடு ஒன்றைக் கூட்ட மீதி யாதுமில்லை. இத்துணை நயமான நிறுவல் கணிதத்தில் அரிதென்பது எம் கருத்து.

பேர்மாவின் ஊகம் வீழ்ந்ததெனினும் அவ்வெண்கள் பயனற்றொழிந்தனவல்ல. பத்தொன்பது வயது நிரம்பாத காவுசு, நேர்விளிம்பும் கவராயமும் மாத்திரமே கொண்டு ஒழுங்கான 17 பக்க உருவை அமைக்கலாமென 1796இற் கண்டது இவ்வெண்களின் துணையாலேயே.

அவ்வரிசையில் ஆறாவதாக ஒரு பகாவெண்ணைக் கண்டாரில்லை. இரண்டின் 16777216ஆம் வலுவோடு ஒன்று கூட்டிய எண்ணுக்கு ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் உள. அது பகுவெண்ணே என 1999இற் கணினிகொண்டு நிறுவினர்; எந்த எண்ணால் வகுபடும் என்பதை மாத்திரம் அப்போது எவராலுங் கூற இயலவில்லை.