டியூப் ஆம்ப் கட்டப் போறீங்களா? டிரான்ஸ்ஃபார்மரை முதல்ல முடிவு பண்ணுங்க

என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஈஎல்84 வால்வு ரெண்டு, அதுங்களுக்கு முன்னாடி ரெண்டு சேனலுக்கும் பொதுவா ஒரு ஈசிசி83. எளிமையான சிங்கிள் எண்டெட் ஸ்டீரியோ. டேட்டாஷீட்ல பிளேட்டுக்கு 250 வோல்ட்னு போட்டிருந்தது, என்கிட்ட 250 வோல்ட் செகண்டரி டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு சும்மா கிடந்தது. பொருத்தம் பிரமாதம்னு நினைச்சுப் போட்டேன். ஆன் பண்ணின கொஞ்ச நேரத்துல வால்வுக்குள்ள பிளேட் செக்கச் செவேல்னு பழுக்க ஆரம்பிச்சுது. பாய்ஞ்சு போய் சுவிட்சை அணைச்சேன்.

காரணம் நாம எல்லாரும் பரீட்சைக்கு எழுதின விஷயம்தான். அந்த 250 ஆர்எம்எஸ். பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் வந்தா 1.414 மடங்காகி 350 வோல்ட் டிசி பக்கம் போயிடும். ஈஎல்84 பிளேட் தாங்குற அதிகபட்சம் 12 வாட். டேட்டாஷீட்ல இருக்கிற 250 வோல்ட்டையும் 48 மில்லி ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்க, சரியா 12. மிச்சம்னு எதுவுமே இல்லை.

அதனால கணக்கைப் பின்னாடியிலிருந்து போடணும். வால்வுக்கு 250, கேத்தோடு ரெசிஸ்டர்ல சுமார் 7, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி 200 ஓம்னா அதுல ஒரு 10, ஃபில்டர் ரெசிஸ்டர்ல இன்னொரு 10. மொத்தம் 277. 1.414ஆல வகுத்தா 196. வைண்டிங் இழப்பு சேர்த்தா 205, 210 வரும். ஆனா நம்ம ஊர் கரண்ட் பேருக்குத்தான் 230. ராத்திரியில எங்க ஹாஸ்டல் பிளக்ல 245 காட்டுது. அதனால நான் 200 வோல்ட்டுக்குத்தான் சுத்தச் சொன்னேன். பவர் துளி குறையும், காதுக்குத் தெரியாது. வால்வு பிழைச்சுக்கும்.

கரண்ட்லயும் ஒரு பொறி இருக்கு. பிளேட், ஸ்கிரீன் எல்லாம் சேர்த்து ரெண்டு சேனலுக்கும் 110 மில்லி ஆம்பியர் டிசி போதும். ஆனா கெப்பாசிட்டர் கரண்ட்டை விட்டு விட்டுத்தான் இழுக்கும், அதனால வைண்டிங்ல ஓடுற ஆர்எம்எஸ் கரண்ட் அதைப்போல 1.6லிருந்து 1.8 மடங்கு. 200 மில்லி ஆம்பியர்னு கேளுங்க. ஹீட்டருக்கு 0.76, 0.76, 0.3, ஆக 1.82 ஆம்பியர். 6.3 வோல்ட், 2.5 ஆம்பியர் வைண்டிங் எடுத்தா நிம்மதி.

பவருக்கு ஒண்ணு போதும். அவுட்புட்டுக்கு சேனலுக்கு ஒண்ணு வேணும். ஈஎல்84க்கு 5,200 ஓம் லோடு, ஸ்பீக்கர் 8 ஓம். வகுத்து ஸ்கொயர் ரூட் எடுத்தா டர்ன்ஸ் ரேஷியோ 25.5. இங்கதான் நம்ம புத்தி வேலை செய்யும்: ரிச்சி தெருல சல்லிசா கிடைக்குற 230க்கு 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரோட ரேஷியோவும் கிட்டத்தட்ட அதேதானே! நானும் மாட்டிப் பார்த்தேன். பாட்டு வந்தது, பேஸ் வரலை. சிங்கிள் எண்டெட்ல 48 மில்லி ஆம்பியர் டிசி எப்பவும் பிரைமரி வழியா ஓடிக்கிட்டே இருக்கும். சாதாரண டிரான்ஸ்ஃபார்மர்ல ஈ தகடும் ஐ தகடும் மாத்தி மாத்தி அடுக்கியிருப்பாங்க, இடைவெளி கிடையாது, அதனால கோர் சாச்சுரேட் ஆயிடும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்ல ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் ஒரு பக்கம், நடுவுல மெல்லிசா ஒரு பேப்பர். அந்த ஏர் கேப்புக்குத்தான் காசு. கேப் வந்தா இண்டக்டன்ஸ் குறையும், அதை ஈடு கட்ட கோர் பெருசாகணும். பிரைமரி 10 ஹென்றினா 70 ஹெர்ட்ஸ் பக்கத்துலயே 3 டெசிபல் விழுந்துடும். 20 ஹென்றினா அது 36க்கு இறங்கும். அதனால கையில தூக்கிப் பாருங்க. வாட்டுக்குத் தகுந்ததை விட கனமா இருந்தா நல்ல சகுனம்.

சேசிஸ்ல ஓட்டை போடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. பவர் டிரான்ஸ்ஃபார்மரோட செகண்டரி முனைகளை எல்லாம் இன்சுலேட் பண்ணிட்டு, அதை மட்டும் பிளக்ல மாட்டுங்க. வேற எதோடயும் இணைக்காத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரோட 8 ஓம் பக்கத்துல ஹெட்ஃபோன் மாட்டி, பக்கத்துல வச்சுத் திருப்பித் திருப்பிப் பாருங்க. ஒரு கோணத்துல 'ம்ம்ம்'ங்கற ஹம் சட்டுனு அடங்கும். எனக்கு ரெண்டு கோரும் செங்குத்தா இருந்தப்போ அடங்குச்சு. அந்த இடத்துல பென்சில்ல குறி போட்டுக்கோங்க.

இன்னொண்ணு. ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணி பாட்டு ஓட்டாதீங்க, பிரைமரியில வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் போயிடும். அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர்ல 280 வோல்ட் உட்கார்ந்திருக்கலாம். குறுக்கே 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு நிரந்தரமா வச்சு, மீட்டர்ல பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்துட்டு கை வைங்க.