விவிலியங் கூறும் மறுமை நிலை

பிறர் மதம் ஆராயப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது, அம்மதத்தார் கொண்ட பொருளை அவர் கொண்டவாறே அறிதலாம். அங்ஙனம் அறியாது மறுத்தல் இல்லாத இலக்கின்மேல் அம்பெய்தலோடொக்கும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்திற் பதினான்கு மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றன் கொள்கையையும் முன்னர் நிறுத்திப் பின்னரே மறுத்தருளினமை நம்மனோர் அறிந்ததே. கிறித்தவ மதத்தைப்பற்றி நம்மிடை நிகழ்ந்துவந்த சொற்போர்களில் இம்முறை எக்காலும் போற்றப்பட்டதெனல் இயலாது. அவற்றுள்ளும் மறுமையைப்பற்றிய பகுதியிற் பிறழவுணர்தல் மிகுதி.

அதற்குக் காரணம் சொல்லொப்புமையே. தமிழ் விவிலியத்தில் நரகம், பாதாளம், பரலோகம் என்னுஞ் சொற்கள் பயில்கின்றன. கிறித்தவர் பேச்சு வழக்கில் மோட்சம் என்பதும் உண்டு. இவை நம் நூல்களிற் பொருள் வரையறுக்கப்பட்டு நெடுங்காலம் வழங்கிய சொற்களாதலின், அவற்றைக் காணுந்தோறும் நமது பொருளே நம் உள்ளத்து எழுகின்றது. இதுபற்றி மொழிபெயர்த்தாரைக் குறைகூறுதற்கு இடமில்லை. 1715-இல் தரங்கம்பாடியிற் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த நாள்முதல், தமிழில் உள்ள சொற்களையே அவர்கள் கையாளல் வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து, 1850-இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றிய ஆறுமுக நாவலர், பின்னர்ச் சைவத்தின் பொருட்டு வாதிடப் புகுந்தபோது, அந்நூலை நேரே கற்றவர் என்னும் வலிமையோடு புகுந்தார். நாமும் அந்நெறி நின்று, மூலமொழிச் சொற்களைத் துணைக்கொண்டு இப்பொருளை ஆராய்வாம்.

1. ஷெயோல்

விவிலியம் ஒருவர் ஒரு காலத்துச் செய்த நூலன்று. பெரும்பான்மையும் எபிரேய மொழியிலமைந்த பழைய ஏற்பாடும், கிரேக்க மொழியிலமைந்த புதிய ஏற்பாடும், பல நூற்றாண்டுகளிற் பலர் இயற்றிய நூல்களின் தொகுதிகளாம். ஆகலின், மறுமையைப்பற்றி முதலினின்று இறுதிகாறும் ஒரே கொள்கை அதன்கண் மாறாது நிற்குமென எதிர்பார்த்தல் பொருந்தாது.

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில், இறந்தார் யாவரும், நல்லார் தீயார் என்னும் வேறுபாடின்றி, நிலத்தின்கீழுள்ள ஷெயோல் என்னுமிடத்திற்கு இறங்குவர் எனப்படுகின்றது. இச்சொல் ஏறக்குறைய 65 இடங்களில் வருகின்றது. தன் மகன் யோசேப்பு இறந்தானென எண்ணிய யாக்கோபு, துயரத்தோடே தானும் அவ்விடத்திற்கு இறங்குவதாகப் புலம்புகின்றான். அவனோ கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவன். எனவே ஷெயோல் தீயோர்க்கே உரிய தண்டனைக்களமன்று என்பது போதரும். அங்குள்ளார் நிழல்போல்வர். செயலும் சிந்தனையும் அங்கில்லை எனப் பிரசங்கியின் நூல் கூறும். இறந்தார் கடவுளைத் துதித்தலில்லை எனச் சங்கீதங்கள் முறையிடும். எந்தோரிலிருந்த பெண்ணொருத்தியால் எழுப்பப்பட்ட சாமுவேல், தன் அமைதியைக் குலைத்ததற்காகச் சவுல் மன்னனைக் கடிந்தமையும் இந்நிலையையே காட்டும்.

தமிழிற் பெரும்பாலும் பாதாளம் எனப்படுவது இவ்விடமே. நம் புராணங்களிற் கீழேழுலகத்துள் ஒன்றாய், நாகர் முதலியோர் செல்வத்தோடு வாழும் பாதாளத்திற்கும் இதற்கும் பெயரன்றிப் பிறிதோர் ஒற்றுமையில்லை.

அற்றேல், அறத்திற்கும் மறத்திற்கும் பயன் எங்கே விளையுமெனின், இவ்வுலகத்தே விளையுமென்பது அக்காலத்தார் துணிபு. நீண்ட ஆயுளும், மக்கட்பேறும், நிலவுரிமையுமே அறத்தின் பயனாகக் கூறப்பட்டன. ஏனோக்கும் எலியாவும் எடுத்துக்கொள்ளப்பட்டனர் என்பது சிறப்புவிதி. நல்லவன் துன்புறுதல் கண்டு இத்துணிபு அசைவுற்றமையை யோபுவின் நூல் காட்டும்.

ஈண்டு மற்றொன்று உணரற்பாலது. எபிரேயத்தில் நெபேஷ் என்னுஞ்சொல் தமிழில் ஆத்துமா எனப் பெயர்க்கப்படுகின்றது. அச்சொற்கு மிடறு, மூச்சு, உயிர்வாழ்வு, ஆள் என்பன பொருளாம். மண்ணினால் உருவாக்கப்பட்டவன் கடவுள் ஊதிய உயிர்மூச்சால் வாழும் நெபேஷ் ஆயினான் என்றே ஆதியாகமம் கூறும். அநாதியாயுள்ள ஓர் ஆன்மா உடம்பினுட் புகுந்தது எனக் கூறவில்லை. மனிதன் என்பான் உடம்போடு கூடிய முழுமையே, அம்முழுமை படைக்கப்பட்டது. பின்வரும் யாவும் இதனை அடிப்படையாக உடையன.

2. உயிர்த்தெழுதல்

உலர்ந்த எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கு உயிர்பெற்று எழக்கண்டதாக எசேக்கியேல் கி.மு. 6-ஆம் நூற்றாண்டிற் கூறியது, சிறைப்பட்ட இசரவேலர் மீண்டும் ஓரினமாய் எழுதலைக் குறித்ததாகும். தனிமனிதர் உயிர்த்தெழுதல் ஐயத்திற்கிடமின்றிக் கூறப்படுவது தானியேல் நூலின் 12-ஆம் அதிகாரத்தில். அதன் காலச்சூழல் நோக்கற்பாலது. கி.மு. 167-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தியோக்கு என்னுங் கிரேக்க மன்னன் யூதர் தம் சமயவொழுக்கத்தைக் கைக்கொள்ளுதலைத் தடுத்தான், கைவிடாதார் கொல்லப்பட்டனர். அறத்தின் பயன் நீண்ட ஆயுளெனின், அறத்தின் பொருட்டே ஆயுளிழந்தார்க்குப் பயன் யாது? இவ்வினாவிற்கு விடையாகவே, மண்ணில் உறங்குவார் பலர் எழுவர் என்றும், சிலர் நிலைபெற்ற வாழ்விற்கும் சிலர் நிலைபெற்ற இழிவிற்கும் எழுவர் என்றும் அந்நூல் கூறிற்று. அக்காலத்து நிகழ்ச்சிகளைக் கூறும் இரண்டாம் மக்கபேயர் நூலில், கொல்லப்பட்ட உடன்பிறந்தார் எழுவருள் ஒருவன் தன் நாவையும் கைகளையும் நீட்டி, இவற்றைக் கடவுளிடமே மீளப்பெறுவேன் என்னுங் கருத்துப்பட மொழிகின்றான். அவன் வேண்டியது உடம்பினின்று விடுபடுதலன்று, உடம்பை மீளப்பெறுதலே.

இயேசுவின் காலத்தும் இக்கொள்கை யூதர் யாவர்க்கும் உடன்பாடாயிருந்திலது. சதுசேயர் மறுத்தனர், பரிசேயர் உடன்பட்டனர். இயேசு பரிசேயர் பக்கமே நின்றார். பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரம் இப்பொருளை விரித்துரைக்கும். விதை மண்ணில் விழுந்து மாய்ந்து வேறுருவிற் பயிராதல்போல, அழியும் உடம்பு விதைக்கப்பட்டு அழியாவுடம்பு எழும் என்பது அவர் காட்டும் உவமை. கிறித்து எழுந்திலரேல் தம் மதம் வீணென்றும் அவரே கூறுகின்றார். ஆகவே, ஆன்மா இயல்பாகவே நித்தியமாதலின் மறுமையுண்டு என்பதன்று புதிய ஏற்பாட்டின் வாதம்; படைத்தவன் இறந்தாரை எழுப்புவான் என்பதே அது.

3. கெகென்னா

நரகம் எனத் தமிழிற் பெயர்க்கப்படுஞ்சொல் கெகென்னா. இது யெருசலேம் நகரத்தின் தென்புறத்துள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். ஆகாசு, மனாசே என்னும் அரசர் காலத்து அங்கே பிள்ளைகள் தீயிற் பலியிடப்பட்டனர் என்றும், யோசியா மன்னன் அவ்விடத்தைத் தீட்டாக்கினான் என்றும் பழைய ஏற்பாடு கூறும். எரேமியா அதனைத் தண்டனைக்குரிய இடமாக்கி அச்சுறுத்தினார். அக்கொடிய நினைவே பிற்காலத்தில் இறுதித் தீர்ப்பின் தீக்குப் பெயராயிற்று. அங்கே நகரத்துக் குப்பை இடையறாது எரிந்ததெனப் பலருங் கூறுவது இடைக்காலத்து உரைகாரர் கூற்று, விவிலியத்தில் அச்செய்தியில்லை.

புதிய ஏற்பாட்டிற் கெகென்னா 12 இடங்களில் வருகின்றது. அவற்றுட் பதினொன்று மத்தேயு, மாற்கு, லூக்கா என்னும் மூன்று சுவிசேடங்களிலும், ஒன்று யாக்கோபின் நிருபத்திலும் உள்ளன. பவுலின் நிருபங்களில் அச்சொல் ஓரிடத்துமில்லை. ஷெயோலைக் கிரேக்கத்தில் ஹாதேஸ் என்பர். ஹாதேஸ் வேறு, கெகென்னா வேறு. முன்னது தீர்ப்பு நாள்காறும் இறந்தார் இருக்குமிடம். பின்னது தீர்ப்பின்பின் விளைவது. இறுதியிற் சாவும் ஹாதேசும் தாமே தீக்கடலில் எறியப்படும் என்றும், அது இரண்டாஞ் சாவு என்றும் வெளிப்படுத்தின விசேடம் கூறுதலின் இவ்வேறுபாடு தெளிவாம்.

அத்தண்டனை முடிவற்றதோ? மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில், பசித்தார்க்கும் நோயுற்றார்க்கும் சிறைப்பட்டார்க்கும் உதவினார் வாழ்வும், உதவாதார் தண்டனையும் அடைவர் எனப்படும். இரண்டற்கும் ஐயோனியோஸ் என்னும் ஒரே அடைமொழி வருகின்றது. அச்சொல் ஊழி என்னும் பொருளுடைய ஐயோன் என்பதனடியாகப் பிறந்தது. வாழ்வு முடிவற்றதேல் தண்டனையும் முடிவற்றதே என்பது அகுஸ்தினார் வழிநின்ற பெரும்பாலார் கொள்கை. மூன்றாம் நூற்றாண்டினரான ஓரிகென், தண்டனை தூய்மைசெய்தற்கே உரியது, இறுதியில் யாவரும் கடவுளிடம் மீள்வர் எனக் கருதினார். நான்காம் நூற்றாண்டில் நீசா நகரத்துக் கிரகோரியாரும் அக்கருத்தினரே. ஓரிகென் பெயரால் வழங்கிய கொள்கைகளை யுஸ்தினியன் பேரரசன் 543-இற் கட்டளையால் விலக்கினான். தீயோர் முற்றிலும் அழிந்தொழிவர் என்பாரும் அம்மதத்துள் உளர். எனவே, சிறிதுகாலச் செயற்கு முடிவற்ற தண்டனை தகுமோ என்று நாம் எழுப்பும் வினா அவர்க்குப் புதிதன்று. அவரிடையே 1700 ஆண்டுகளாக எழுந்து நிற்பதே.

4. பரலோகம்

மத்தேயுவிற் பரலோக இராச்சியம் எனப்படுவதே, மாற்கிலும் லூக்காவிலும் அதேயிடங்களில் தேவனுடைய இராச்சியம் எனப்படுகின்றது. கடவுளின் பெயரை வாளா வழங்க அஞ்சி வானம் என்னுஞ் சொல்லை அதற்கு ஈடாகக் கூறுதல் யூதர் வழக்கு. ஆகவே அத்தொடர் இறந்தபின் செல்லும் ஓரிடத்தைக் குறியாது, கடவுளின் ஆட்சியையே குறிக்கும். நூலின் இறுதியிலும் மக்கள் மேலேறிச் செல்வதாகக் கூறப்படவில்லை; புதிய வானமும் புதிய பூமியும் தோன்ற, புதிய யெருசலேம் வானத்தினின்று கீழிறங்கி வருகின்றது; கடவுள் மக்களோடு வாசஞ்செய்கின்றார்.

நம் நூல்களிற் சுவர்க்கம் புண்ணியங் கழியுங்காறும் நுகரப்படும் போகபூமி, நரகம் பாவங் கழியுங்காறும் வருந்துமிடம், இரண்டும் மீட்சியுடையன, மோட்சமோ இரண்டற்கும் அப்பாற்பட்ட பாசநீக்கமும் சிவப்பேறுமாம். விவிலியங் கூறுவது மீட்சியுடைய சுவர்க்கமுமன்று, பாசநீக்கமாகிய மோட்சமுமன்று. படைப்பு முழுதும் புதிதாக்கப்பட்டு, அதன்கண் உடம்போடு வாழும் வாழ்வாம்.

5. இடைநிலை

சாவிற்கும் உயிர்த்தெழுதற்கும் இடையே இறந்தார் நிலை யாது என்பதில் நூல் ஒரு நெறிப்படக் கூறவில்லை. தெசலோனிக்கேயர்க்குப் பவுல் எழுதியதில் இறந்தார் உறங்குவார் எனப்படுவர். பிலிப்பியர்க்கு எழுதியதிலோ, தாம் உடம்பை நீத்துக் கிறித்துவோடிருக்க விழைவதாகக் கூறுகின்றார். லூக்காவில் வரும் செல்வன், லாசரு என்னும் இருவர் கதையில், இறந்தவுடனே ஒருவன் வேதனையும் மற்றவன் ஆறுதலும் அடைகின்றனர். இவ்விடைவெளியிலேயே திருச்சபைகள் பிரிந்தன. தூய்மைசெய்யும் இடைநிலையொன்று உண்டெனக் கத்தோலிக்கர் 1274-இல் லியோனிலும், 1439-இற் புளோரென்சிலும், 1563-இல் திரெந்திலும் கூடிய சங்கங்களில் வரையறுத்தனர். இரண்டாம் மக்கபேயர் நூலில் இறந்தார்க்காகப் பலியும் வேண்டுதலுஞ் செய்தமை அவர்க்கொரு சான்று. அந்நூலைப் பிரமாணமாகக் கொள்ளாத சீர்திருத்த சபையார் அந்நிலையை மறுத்தனர்.

6. மறுபிறப்பு உண்டோ

விவிலியத்திலும் மறுபிறப்பு உண்டென்று நம்மவர் சிலர் எடுத்துக்காட்டும் இடங்கள் இரண்டு. பிறவிக்குருடன் ஒருவனைக் கண்ட சீடர், இவன் குருடனாய்ப் பிறந்தது இவன் பாவத்தாலோ பெற்றோர் பாவத்தாலோ என வினவினர் என்பது யோவான் 9-ஆம் அதிகாரம். பிறக்குமுன் ஒருவன் பாவஞ்செய்தல் எவ்வாறு என்று கேட்பார் வினாவோடு நின்றுவிடுகின்றனர்; விடையை நோக்குகின்றிலர். இயேசு அவ்விரு காரணங்களையும் மறுத்துவிடுகின்றார். மற்றொன்று, அந்நூலின் 3-ஆம் அதிகாரத்து மறுபடியும் பிறத்தல் என்பது. அங்குள்ள அனோதென் என்னும் கிரேக்கச் சொல், மறுபடியும், மேலிருந்து என இருபொருள்படும். அது நீராலும் ஆவியாலும் இப்பிறவியிற்றானே நிகழ்வதென அவ்விடத்தே விளக்கப்படுகின்றது. மனிதர்க்கு ஒருமுறை சாவும், பின் தீர்ப்பும் என எபிரேயர் நிருபம் வெளிப்படையாகக் கூறுதலின், மறுபிறப்பு அந்நூற்கு உடன்பாடன்று. பிறர் நூலில் இல்லாததை உண்டெனக் காட்டி வென்றதாகக் கொள்ளும் வெற்றி நம் சித்தாந்தத்திற்கு வேண்டுவதொன்றன்று.

7. துணிபு

இதுகாறும் ஆராய்ந்தவாற்றால், நமக்கும் அவர்க்கும் உள்ள மாறுபாட்டின் வேர், நரகம் எவ்வளவு காலம் என்பதிலில்லை. ஆன்மா அநாதியோ படைக்கப்பட்டதோ என்பதிலேயே உள்ளது என்பது பெறப்படும். ஆன்மா அநாதியெனக் கொள்வார்க்கு உடம்பு, மலங்கழிதற்பொருட்டு மாயையினின்று தரப்பட்ட துணை. பணி முடிந்தபின் அதனை மீளப்பெற வேண்டுவதில்லை. மனிதன் உடம்போடு படைக்கப்பட்டவனெனக் கொள்வார்க்கு உடம்பின்றி மனிதனில்லை. ஆகலின் மீட்பும் உடம்போடு கூடியதே. இவ்விரண்டனுள் எது பிரமாணங்களாற் பெறப்படும் என்பதே வாதிடற்குரிய பொருள். அதனை விடுத்து, நரகம், பரலோகம் என்னுஞ் சொற்களைப் பற்றிக்கொண்டு வாதிடுவோர், இருபாலாரும், தத்தம் நிழலோடு பொருதாராவர். பரபக்கத்தை உள்ளவாறு நிறுத்தியபின்னரே சுபக்கம் வலிபெறும் என்பதை அறிஞர் உய்த்துணர்வாராக.